ரயில், 6.47

இந்தக் குழுவின் ரசிகர்கள் எல்லோரும் ஒரே பொய்யைத்தான் சொல்கிறார்கள். பதினான்கு வயதில் யாரோ ஒருவருடைய வீட்டில் முதல் தடவை கேட்டார்களாம். உடம்பெல்லாம் புல்லரித்ததாம். அன்றிலிருந்து வேறு ஆளாகிவிட்டார்களாம். கொழும்பில் வருடத்துக்கு ஒரு தடவை நாங்கள் கூடுவோம். தலை நரைத்து வயிறு தள்ளிய ஆண்கள் இருபது முப்பது பேர், இறுக்கிப்பிடித்த கறுப்பு டீசேட்டோடு ஒரு மண்டபத்தில் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கு ஆள் புல்லரித்த கதையைச் சொல்வார்கள். என் முறை வரும்போது நானும் புல்லரித்தது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் சாப்பாடு ஆறிவிடும்.

குழுவின் பெயரை இங்கேயும் சொல்லப்போவதில்லை. சொன்னால் இரண்டாவது வரியிலேயே பிழை பிடிக்க வந்துவிடுவார்கள். இங்கிலாந்துக்காரர், ஐந்து பேர், நீளத் தலைமயிர். நான் அவர்களைப் பற்றி அறிந்த காலத்திலேயே அவர்களில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேர்மீது வழக்குப் போட்டிருந்தார்கள். இவ்வளவு போதும்.

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தபோது எனக்கு இருபது வயது. கணக்கியல் படிக்க வந்ததாக, வடக்கிலிருந்து வரும் தமிழர் செய்யவேண்டிய பொலிஸ் பதிவில் எழுதியிருந்தது. அது பாதி உண்மை. என்னை வீட்டில் வைத்திருக்க அம்மாவும் அப்பாவும் பயந்தார்கள் என்பது மற்றப் பாதி. அங்கே இளைஞனுக்கு இராணுவம், இயக்கம் என்று இரண்டு பக்கத்தாராலும் பயம். கொழும்பில் ஒரு பக்கத்தாரால் மட்டும். இதை எங்கள் வீட்டில் முன்னேற்றம் என்று கணக்குப் போட்டு, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில் லொட்ஜ். பின்னால் ரயில் பாதை. ரயில் போகும்போது கட்டில் சுவரில் இடிக்கும். அறையில் என்னோடு இருந்தவன் கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். தகப்பனோடு கோபித்துக்கொண்டு வந்து இங்கே தங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் தாயைப் பார்க்கக் கொட்டாஞ்சேனைக்குப் போய், கோயில் பூசையும் கண்டுவிட்டு வருவான். மற்ற ஆறு நாளும் இந்தக் குழுவைப் பற்றிப் பேசுவான். பேசத்தான் முடியும். அவனிடம் ஏழு கசெட் இருந்தன, எல்லாம் சிங்கப்பூரிலிருந்து வந்தவை. போடுவதற்குக் கசெட் ரேடியோ கையில் இல்லை. அது காலி வீதியில் ஒரு திருத்தும் கடையில் கிடந்தது. மோட்டர் அடுத்த கிழமை வரும் என்று கடைக்காரர் ஆறு கிழமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வந்து நாலைந்து நாளில் ஒழுங்கையைச் சுற்றி வளைத்துச் செக்கிங் நடந்தது. அந்தத் தடவை எங்கள் லொட்ஜுக்குள் வரவில்லை. ஆனால் நான் வாசலில் நின்ற கோலத்தை அவன் மாடியிலிருந்து பார்த்துவிட்டான்.

“மச்சான், நீ நிக்கிற நிலையே சரியில்ல. கைய கட்டிக்கிட்டு, குனிஞ்சிக்கிட்டு. பாத்த ஒடனேயே ஏத்திருவானுங்க” என்றான்.

“அப்ப எப்பிடி நிக்கிறது?”

“கொழும்புப் பொடியன் மாதிரி நில்லு.”

“அது எப்பிடி?”

அவன் கட்டிலுக்கடியிலிருந்து கசெட் பெட்டியை இழுத்தான். “இந்தக் குரூப்ப கேக்குறவன் மாதிரி நில்லு.”

“அடையாள அட்டையில யாழ்ப்பாணம் எண்டு கிடக்கே?”

“கெடக்கட்டும். பொறந்தது அங்க, வளந்தது இங்கன்னு சொல்லு. நாலு பாட்டுப் பேர எடுத்துவிடு. இவன் நம்ம டவுன் பொடியன்னு விட்டுருவாங்க.”

“அப்ப உன்னை ஒருக்காலும் பிடிக்கேல்லையோ?”

“ரெண்டு தரம் புடிச்சாங்க. அது வேற கதை.”

அங்கேயே எனக்குப் புத்தி வந்திருக்கவேண்டும். வரவில்லை. இருபது வயதில் பயந்துபோயிருப்பவனுக்குத் திட்டம் என்று எதைக் கொடுத்தாலும் பிடித்துக்கொள்வான். அடுத்த நாளே நாற்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன். ஒரு சிவப்புப் பேனையும்.

பாட்டைக் கேட்காமல் எப்படி ரசிகனாவது என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆய்வுகூடத்தின் கூரை ஷெல் விழுந்து போய்விட்டது. இரசாயனவியல் செய்முறை முழுவதையும் கொப்பியிலேயே செய்தோம். எத்தனையாவது துளியில் நிறம் மாறும், என்ன நிறமாக மாறும், எல்லாம் மனப்பாடம். ஒரு துளி விழுவதைக்கூட நாங்கள் கண்ணால் கண்டதில்லை. பரீட்சையில் எனக்கு ஏ வந்தது. ஆகவே ஒரு ரொக் குழுவையும் அப்படியே பாடமாக்கலாம் என்று நம்பினேன்.

கசெட்டுகளின் உள்ளட்டையில் பொடி எழுத்தில் எல்லாமே இருந்தன. பாட்டின் பெயர், எழுதியவர், எத்தனை நிமிடம் எத்தனை செக்கன். மிச்சத்தை அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். கோடு போட்டு நிரல் பிரித்தேன். இடப்பக்கம் பாட்டு, வலப்பக்கம் நீளம். நீளமான பெயர்களைச் சுருக்கி ஒரு சொல்லாக்கினேன், சிறு குறிப்பு அப்படித்தான் எழுதவேண்டும். முக்கியமானவற்றுக்குச் சிவப்பில் நட்சத்திரம். இரண்டாம் ட்ரம்ஸ்காரர் விலகியதற்கான மூன்று காரணங்களைத் தனித் தலைப்பில் எழுதி அடிக்கோடிட்டேன்.

பின்னேரங்களில் அவன் உடுப்புத் தோய்த்துக்கொண்டே கேள்வி கேட்பான்.

“மூணாவது அல்பம், ரெண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு?”

நான் பெயரைச் சொல்லி, “ஆறு நிமிசம் நாப்பத்தேழு செக்கன்” என்றேன்.

“நிமிஷம் எதுக்குடா?”

“கேட்டால்?”

“எவன்டா கேப்பான்? இது எக்ஸாம் இல்லடா!”

“பிடிச்ச பாட்டு எது எண்டு கேட்டால் நான் என்ன சொல்ல வேணும்?”

அவன் சவர்க்காரக் கையோடு என்னைப் பார்த்தான். “நீ சொன்னியே இப்ப, அதையே சொல்லு. ட்ரம்ஸ்ஸுக்காக.”

எழுதிக்கொண்டேன். பிடித்த பாட்டு: இது. காரணம்: ட்ரம்ஸ். அந்தப் பாட்டின் ஆங்கிலப் பெயரில் ஒரு ரயில் வரும். என் சுருக்கத்தில் அது ‘ரயில்’ ஆயிற்று. அதற்கு முன்னால் இரண்டு நட்சத்திரம், பின்னால் ‘மிக முக்கியம்’.

மூன்று கிழமையில் நான் தயார். ஏழு கசெட், அறுபத்துமூன்று பாட்டு. எந்தப் பக்கத்திலிருந்து கேட்டாலும் சொல்வேன். ஒன்றையும் ஒரு செக்கன்கூடக் கேட்டதில்லை.

பொலிஸ்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வந்தார்கள். அவன் கொட்டாஞ்சேனைக்குப் போயிருந்தான். மூன்று பேர் அறைக்குள் வந்தார்கள். அவர்களில் இன்ஸ்பெக்டர் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், களைத்த மனிதர். என் அடையாள அட்டையைப் பார்த்தார். பதிவுத் துண்டைப் பார்த்தார். இரண்டும் சரியாக இருந்தன. பிறகு மேசையிலிருந்த கசெட் ஒன்றைத் தூக்கி, இது உன்னுடையதா என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அவர் அடுத்த அறைக்குப் போயிருப்பார். நான் நிமிர்ந்து நின்றேன். இந்தக் குழு ஐந்து பேரால் தொடங்கப்பட்டது என்று ஆரம்பித்தேன். முதலாவது ட்ரம்ஸ்காரர் யார், ஏன் விலகினார், இரண்டாமவர் ஏன் விலகினார், காரணம் ஒன்று, காரணம் இரண்டு. ஆங்கிலத்தில், மூச்சு விடாமல், நேரே சுவரைப் பார்த்துக்கொண்டு. நான்காவது அல்பத்துக்குப் போனபோது வாசலில் நின்ற பொலிஸ்காரர் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை.

“யார் இதையெல்லாம் உனக்குச் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

நான் வாயைத் திறக்குமுன் மூன்றாமவர் தலையணையைத் தூக்கினார். கொப்பி இருந்தது.

அதைத் திறந்தவர்மேல் எனக்கு இப்போதும் கோபமில்லை. என் எழுத்து அழகான எழுத்து. ‘பாலம் 4.12’ என்று ஒரு வரி. ‘கோபுரம் 3.05’ என்று இன்னொரு வரி. அதற்குக் கீழே, இரண்டு சிவப்பு நட்சத்திரத்தோடு, ‘ரயில் 6.47, மிக முக்கியம்’. ஜன்னலுக்கு வெளியே முப்பது அடி தூரத்தில் ரயில் பாதை. அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் என்னைப் பிடித்திருப்பேன்.

கொண்டுபோன பொலிஸ் நிலையத்தின் நடைபாதையில் ஏற்கெனவே பதினொரு பேர் நிலத்தில் இருந்தார்கள். எல்லோரும் என் வயது, எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு குனிந்து. முற்றத்தில் ஒரு ட்ரக் நின்றது. பின்னேரம் அதில் ஏற்றித் தெற்கே ஒரு முகாமுக்குக் கொண்டுபோவார்கள் என்று பக்கத்தில் இருந்தவன் சொன்னான். அங்கே போனவர்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டேன். அவன் ட்ரக் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

என்னை முதலில் கூப்பிட்டார்கள். கொப்பி வைத்திருந்ததால் நான் முக்கியமானவன். இன்ஸ்பெக்டரின் மேசையில் கொப்பியும் ஏழு கசெட்டும். தமிழ் தெரிந்த ஒரு முஸ்லிம் கான்ஸ்டபிள் பக்கத்தில் நின்றார்.

“தம்பி, ஐயா கேக்குறாரு, இந்த ஆறு நாப்பத்தேழு காலையிலயா, பின்னேரமா?”

“அது நேரம் இல்லை சேர். நீளம்.”

“ரயில்ட நீளமா?”

“பாட்டின்ர நீளம்.”

அவர் அதைச் சிங்களத்தில் சொன்னார். இன்ஸ்பெக்டர் நீளமாக ஏதோ கேட்டார்.

“ஐயா செல்றாரு, அவர்ட மகனும் பாட்டு கேக்குறவன்தானாம். நாள் முழுக்கக் கேக்குறானாம். நீளத்த எழுதி வெக்கிறல்லியாம். நீ மட்டும் ஏன் எழுதி வெச்சீக்கிறாய்?”

நியாயமான கேள்வி. பரீட்சையில் வரலாம் என்று நினைத்தேன் என்று சொல்லவா? கசெட்டின் உள்ளட்டையில் அதே எண் இருக்கிறது என்றேன். பார்த்தார். அட்டையை அச்சடிப்பது கஷ்டமான வேலையா என்று கேட்டார்.

பிறகு கிரிக்கெட் கேட்பதற்கு வைத்திருந்த கசெட் ரேடியோவைக் கொண்டுவரச் சொன்னார். மூன்றாவது அல்பம், இரண்டாம் பக்கம், கடைசிப் பாட்டு. பாட்டுத் தொடங்கும் இடத்தைக் கான்ஸ்டபிள் முன்னும் பின்னும் ஓட்டித் தேடிப் பிடித்தார். சுவரில் செக்கன் முள்ளோடு ஒரு பெரிய மணிக்கூடு. ஆறு நிமிடம் நாற்பத்தேழு செக்கனில் முடிந்தால் இது பாட்டு. முடியாவிட்டால் நேரம். முள் பன்னிரண்டுக்கு வந்தபோது அழுத்தினார்.

நான் அந்தக் குழுவை முதன்முதலாகக் கேட்டது அப்படி.

உள்ளதைச் சொல்கிறேன், முதல் இரண்டு நிமிடம் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு கிட்டார் தனியாக, மெதுவாக, யாரோ படலையைத் திறக்கத் தெரியாமல் ஆட்டிக்கொண்டு நிற்பதைப்போல. பிறகு ஒரு குரல், தொண்டை நோ வந்தவன் குரல். இதற்காகவா சிவப்புப் பேனை வாங்கினேன் என்று நினைத்தேன். மூன்றாவது நிமிடத்தில் ட்ரம்ஸ் வந்தது. நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ட்ரம்ஸ்காரன் முள்ளோடு சேர்ந்து அடித்தான். நான்கு நிமிடம். இன்ஸ்பெக்டர் ஒரு விரலை மேசையில் வைத்து மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். நான்கரை. எல்லோருமாகச் சேர்ந்து ஏறிக்கொண்டே போனார்கள். ஐந்து. ஐந்து இருபது.

நின்றுவிட்டது.

எல்லாம் ஒரே வெட்டில் நின்றது. சத்தமே இல்லை. இன்ஸ்பெக்டரின் விரல் மேசையைத் தட்டியது.

“இவரயி” என்றார். முடிந்தது.

கான்ஸ்டபிள் என்னைப் பார்க்கவில்லை. கொப்பியைப் பார்த்தார். ஆறு நாற்பத்தேழு. மணிக்கூட்டில் ஐந்து இருபது. இன்னும் முடியவில்லை சேர், பொறுங்கள் என்று உண்மையான ரசிகன் சொல்லியிருப்பான். எனக்குத் தெரியாது. பாட்டின் நீளம் தெரியும், எழுதியவர் தெரியும், ட்ரம்ஸ்காரன் எந்த ஊரில் பிறந்தான் என்பது தெரியும். பாட்டு முடிந்ததா இல்லையா என்பது தெரியாது. நடைபாதையில் யாரோ இருமியது கேட்டது. வீதியில் ஒரு பஸ் ஹோன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தப் போனார்.

அப்போது ஒரு அடி விழுந்தது.

இன்ஸ்பெக்டரின் கை பின்னால் இழுத்துக்கொண்டது. கான்ஸ்டபிள் “அல்லாஹ்” என்றார். இன்னொரு அடி. பிறகு ட்ரம்ஸ் மட்டும் தனியாக, அவசரப்படாமல், தனக்கு நிறைய நேரம் இருக்கிறது என்பதுபோல. அதன் பிறகு மற்றவர்கள் எல்லோரும் ஒன்றாக வந்து விழுந்தார்கள்.

நான் ரசிகனானது அந்த இடத்தில். கலை, ரசனை எதுவும் இதில் இல்லை. முற்றத்தில் நின்ற ட்ரக்குக்கும் எனக்கும் நடுவில் ஒருவன் வந்து நின்றான், அவன் கையில் இரண்டு தடி இருந்தன. அவ்வளவுதான். என் கால்கள் ஆடின. பயத்தில் ஆடுகின்றனவா பாட்டுக்கு ஆடுகின்றனவா என்று எனக்கே தெரியவில்லை.

பாட்டு ஆறு நிமிடம் ஐம்பத்தெட்டு செக்கனில் முடிந்தது.

“பதினொரு செக்கன் கூட” என்று இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிளைப் பார்த்தார்.

“பெட்டரி வீக் சேர்” என்றார் கான்ஸ்டபிள் பாவமாக.

எனக்குள்ளிருந்த பரீட்சைக்காரன் அதற்குள் விழித்துவிட்டான். நானூற்றேழு செக்கனுக்குப் பதினொன்று பிந்துகிறது. ‘கோபுரம்’ நூற்றெண்பத்தைந்து செக்கன். “சேர், கோபுரத்தைப் போட்டுப் பாருங்கோ. அது அஞ்சு செக்கன் பிந்தும்” என்றேன்.

போட்டார்கள். ஐந்து செக்கன் பிந்தியது. இன்ஸ்பெக்டர் கதிரையில் சாய்ந்தார்.

“கணிதமா படித்தாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“யெஸ் சேர்.”

“என் மகன் கணிதத்தில் பெயில்” என்றார். கசெட்டுகளில் ஆறைத் திருப்பித் தந்தார். மூன்றாவதையும் கொப்பியையும் மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். நான் போகலாம்.

சங்கீதம் மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று எங்கள் கூட்டத்தில் வருடாவருடம் ஒருவர் பேசுவார். அவருக்கும் சேர்த்து இதைச் சொல்கிறேன். அந்த இன்ஸ்பெக்டருக்குப் பாட்டுப் பிடிக்கவில்லை. விகிதக் கணக்குப் பிடித்தது. நடைபாதையில் இருந்த பதினொரு பேரின் அறைகளிலும் கொப்பி இல்லை, எண் இல்லை, நட்சத்திரம் இல்லை. அவர்களிடம் எதுவும் அகப்படவில்லை, அதனால் எதுவும் பிழையென்று நிரூபிக்கவும் முடியவில்லை. அவர்கள்மீது இருந்தது வெறும் சந்தேகம். அதை மணிக்கூடு வைத்து அளக்க முடியாது. நான் அவர்களைத் தாண்டி வெளியே போனபோது, முன்பு என் பக்கத்தில் இருந்தவன் தலையைத் தூக்கி, “அண்ணை, அது என்ன பாட்டு?” என்று கேட்டான். பெயரைச் சொன்னேன். அன்று பின்னேரம் ட்ரக் போனது. அவன் திரும்பி வந்தானா என்று எனக்குத் தெரியாது. வேறு ஒன்றும் கேட்காமல் ஏன் அதைக் கேட்டான் என்றும் தெரியாது.

வாசலில் லொட்ஜ் முதலாளியும் கொட்டாஞ்சேனைக்காரனும் நின்றார்கள். கோயிலுக்குப் போட்ட வெள்ளைச் சேட்டோடு அவன் ஓடிவந்து என்னைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. பிறகு என் கையிலிருந்த பையைப் பார்த்தான்.

“ஆறுதான் இருக்கு?”

“மூண்டாவதை வச்சிருக்கினம்.”

“மூணாவதா! அடேய், அது சிங்கப்பூர்லருந்து வந்ததுடா!” அவன் வீதியோரத்தில் உட்கார்ந்துவிட்டான். அங்கிருந்தபடியே மெதுவாகக் கேட்டான், “போட்டுப் பாத்தாங்களா? முழுசாவா? நடுவுல நிக்கும் பாரு அந்த எடம், நல்லாருக்குல்ல?”

நான் அவனுக்கு ஓங்கி ஒன்று போட்டேன். முதலாளி நடுவில் வந்து பிடித்தார்.

“அங்க நிக்கும் எண்டு ஏன்டா எனக்குச் சொல்லேல்லை? மூண்டு கிழமையா எவ்வளவு எழுதினனான்! அதை ஏன் சொல்லேல்லை?”

“சொன்னா என்னடா ருசி?” என்றான் கன்னத்தைத் தடவிக்கொண்டு.

அடுத்த நாள் காலி வீதியில் இருந்த ரெக்கோடிங் பாருக்குப் போனேன். வெறும் கசெட்டைக் கொடுத்தால் வேண்டிய பாட்டுகளை இசைத்தட்டிலிருந்து பதிந்து தருவார்கள். அறுபது நிமிடக் கசெட் ஒன்றைக் கொடுத்து, இரண்டு பக்கமும் அந்தப் பாட்டே வேண்டும் என்றேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பின்னேரம் வரச்சொன்னார். போய் அங்கேயே போட்டுக் கேட்டேன். ஐந்து இருபதில் பாட்டு நிற்கவில்லை. ஏறிக்கொண்டு போன சத்தத்தோடு ட்ரம்ஸ் நேரே ஒட்டியிருந்தது.

“இதில நிக்கிற இடம் எங்க அண்ணை?”

“அதோ? அதை நான் எடுத்திட்டன் தம்பி. நடுவில சத்தம் வருகுதில்லை, கசெட் பழுது எண்டு ஆக்கள் திருப்பிக் கொண்டு வருகினம். இப்ப எல்லாருக்கும் வெட்டித்தான் குடுக்கிறன்.”

“எனக்கு அது வேணும்.”

“அதில ஒண்டும் இல்லையே.”

“அதைப் போடுங்கோ.”

“எட்டு செக்கன் தம்பி. சும்மா கிடக்கும்.”

“அந்த எட்டையும் போடுங்கோ அண்ணை!” என்று கத்திவிட்டேன். கடையில் நின்ற ஒரு பெண் தன் பிள்ளையை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். கடைக்காரர் இசைத்தட்டை உறையிலிருந்து எடுத்தார். அவரை நம்பமுடியாது, நான் போகவில்லை. கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாட்டு நின்றதும் அவருடைய பெருவிரல் பழக்கத்தில் பட்டனுக்குப் போனது. என் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துவிட்டார். கசெட்டின் ஒரு பக்கத்துக்கு நாலு தடவை பதியலாம். நாலு தடவையும் நின்று பார்த்தேன். நாலு தடவையும், இரண்டு தடியோடு, அவன் திரும்பி வந்தான். பிறகு கசெட்டை மற்றப் பக்கம் மாற்றச் சொன்னேன்.